சப்பை மூக்குச் செல்லத்தோடு ஊருக்குப் போகலாமா?

(பெட்டாலிங் ஜெயாவில் ‘பயணமும் பாதுகாப்பும்’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் இருக்கை வார், வேகக் கட்டுப்பாடு, தூக்கக் கலக்கம் என்று ஓட்டுநர்களுக்குத் தேவையான செய்திகளை அழகாக எடுத்துச் சொன்னார்கள். நான் பேசப்போவது பின் இருக்கையில் உட்கார்ந்து வரும் ஒரு பயணியைப் பற்றி. அந்தப் பயணிக்கு வாய் பேச வராது. “புழுக்கமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, வண்டியை நிறுத்துங்கள்” என்று சொல்லத் தெரியாது. நம் வீட்டு நாயைத்தான் சொல்கிறேன். அதிலும் பக், ஷிட்ஸு, பெக்கினீஸ், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைச் சொல்கிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் எந்தத் தாமானிலும் மாலை நேரத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் இந்தச் சின்ன நாய்கள்தான் அதிகம். இடம் அதிகம் வேண்டாம், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். விளம்பரம் இன்னொரு காரணம். 2003-ஆம் ஆண்டில் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஹட்ச் கைத்தொலைபேசி விளம்பரம் வந்தது. ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அதற்குப் பிறகு நம்மவர்கள் பலருக்கு அந்த இனத்தின் பெயரே ‘ஹட்ச் நாய்’ என்று ஆகிவிட்டது. அந்த விளம்பரம் மனதில் பதித்த எண்ணம் இதுதான்: நாம் எங்கே போனாலும் இந்த நாய் கூடவே வரும்.

நேயர்களே, அந்த எண்ணத்தைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கொஞ்சம் யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். சப்பை மூக்கு நாயால் எல்லா இடத்துக்கும், எல்லா நேரத்திலும் நம் கூட வர முடியாது. கூட்டிப் போகலாமா, எப்படிக் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்கிறவர் நாம். அந்த முடிவில்தான் அதன் உயிர் இருக்கிறது.

மூக்கு குட்டையானால் என்ன ஆகும்?

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். அந்த வியர்வை காயும்போது சூடு இறங்கும். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே, அதுவும் மிகக் கொஞ்சம். நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அதன் குளிர்சாதனம். காற்று வேகமாக உள்ளே போய் வெளியே வரும்போது மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி, உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

சப்பை மூக்கு நாய்களுக்கு, மனிதன் தன் ரசனைக்காகத் தலைமுறை தலைமுறையாக முகத்து எலும்பைக் குட்டையாக்கிவிட்டான். ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. சின்னப் பெட்டிக்குள் பெரிய துணி மூட்டையைத் திணித்த மாதிரி நிலைமை. மூக்குத் துவாரம் கீறல் போலக் குறுகியிருக்கும். அண்ணத்தின் மென்மையான பின்பகுதி நீண்டு தொண்டையில் தொங்கிக்கொண்டு காற்றை மறிக்கும். சில நாய்களுக்கு மூச்சுக்குழாயே ஒடுங்கியிருக்கும். சூடு ஏறினால் நாய் வேகமாக இரைக்கும். இரைக்க இரைக்க அந்தச் சதை வீங்கும். வீங்க வீங்கப் பாதை இன்னும் ஒடுங்கும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டை ஏற்றும்.

நம் நாட்டு வானிலையும் இதற்கு உதவுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி என்பது சாதாரணம். அதோடு காற்றில் ஈரப்பதமும் அதிகம். துவைத்த துணி மழை நாளில் காயாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் நாயின் நாக்கில் உள்ள ஈரமும் எளிதில் ஆவியாகாது.

பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் குறிப்புகளை வைத்து, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது. லாப்ரடார் நாயோடு ஒப்பிட்டால், வெப்பத்தால் பாதிக்கப்படும் வாய்ப்பு பக் நாய்க்கு 3 மடங்கு, பிரெஞ்சு புல்டாக்கிற்கு 6 மடங்கு, இங்கிலீஷ் புல்டாக்கிற்கு ஏறக்குறைய 14 மடங்கு. பாதிக்கப்பட்ட 7 நாய்களில் ஒன்று இறந்துபோனது. குளிர் நாடான பிரிட்டனிலேயே இந்த நிலை என்றால், நம் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், “எங்க வீட்டு நாய் தாத்தா மாதிரி குறட்டை விடும்” என்று. அன்பர்களே, அந்தக் குறட்டை காற்று தடைபடுகிறது என்பதற்கான சத்தம். பயணத்துக்கு முன் முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறியே அதுதான்.

முதல் கேள்வி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். ஈப்போ, சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று ஆளுக்கு ஓர் ஊர். மூட்டை கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நாய் வரத்தான் வேண்டுமா?

போகிற வீட்டில் அதற்கு என்ன காத்திருக்கிறது என்று யோசியுங்கள். புது இடம், நிறைய விருந்தினர்கள், இரவெல்லாம் பட்டாசு. சித்தப்பா வீட்டில் ஏர்கோன் இருக்கும் அறை ஒன்றே ஒன்று, அதிலும் ஆறு பேர் படுப்பார்கள். நாயை வெளியே வராந்தாவில் கட்டுவார்கள். இதைவிட பெட்டாலிங் ஜெயாவிலேயே நம்பகமான ஒருவரிடமோ, நாய் தங்கும் விடுதியிலோ இரண்டு நாள் விட்டுவிட்டுப் போவது அதற்குச் சுகம். விடுதி என்றால் முன்கூட்டியே நேரில் போய்ப் பாருங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கிறதா, இரவில் ஆள் இருக்கிறாரா, இந்த இனத்தின் மூச்சுப் பிரச்சினை அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

கூட்டிப் போவதுதான் என்று முடிவானால், அதற்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். 2019-இல் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இந்த நாய்களுக்கென ஒரு மூச்சுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கின. நாய் சும்மா இருக்கும்போது மருத்துவர் அதன் மூச்சைக் கேட்கிறார். பிறகு 3 நிமிடம் விரைவாக நடக்க வைத்து மறுபடியும் கேட்கிறார். 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார். உங்கள் மருத்துவரிடமும் இப்படி நடக்க வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். 3 நிமிட நடைக்கே கரகரவென்று சத்தம் வருகிற நாயை 4 மணி நேரப் பயணத்துக்குத் தயார் என்று யாரும் சொல்ல முடியாது. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் அதைப் பயணத்துக்கு வெகு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். நாய் பருமனாக இருந்தால் எடையைக் குறையுங்கள். கழுத்தில் ஏறிய கொழுப்பும் மூச்சை அடைக்கும்.

காரில் போகும்போது

காரில் போவதென்றால் புறப்படும் நேரம்தான் பாதி வெற்றி. விடியற்காலை 4, 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் பாதி தூரம் முடிந்துவிடும். பெருநாளுக்கு முதல் நாள் மதியம் கிளம்பி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வதுதான் மிக மோசமான தேர்வு. நெரிசலில் ஏர்கோன் பழுதானால் உங்களுக்குச் சிரமம், நாய்க்கு ஆபத்து. ஆகவே புறப்படும் வாரத்திலேயே ஏர்கோனைப் பட்டறையில் காட்டிவிடுங்கள்.

கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டாதீர்கள். ஏற்கெனவே ஒடுங்கிய மூச்சுக்குழாயை அது அழுத்தும். மார்பைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டையைப் போட்டு, அதை இருக்கை வாரோடு இணையுங்கள். அல்லது நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள கூண்டில் வைத்து, கூண்டு நகராதபடி கட்டுங்கள். ஓட்டுநர் மடியில் நாய் உட்காரவே கூடாது. முன் இருக்கையும் வேண்டாம். காற்றுப் பை விரிந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

ஏர்கோன் காற்று பின் இருக்கை வரை போகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். முன்னால் உங்களுக்குக் குளிரும், பின்னால் கூண்டுக்குள் புழுங்கும். ஜன்னல் வெயில் நாயின் மேல் விழாமல் திரை போடுங்கள். அதே நேரம் குளிர்க்காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். இந்த இனங்களுக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சீக்கிரம் காய்ந்துவிடும்.

கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே கொஞ்சமாக உணவு கொடுத்து முடித்துவிடுங்கள். வாந்தி வந்தால் இந்த நாய்களுக்கு அது மூச்சுக்குள் போய்விடும் அபாயம் அதிகம். தண்ணீர் மட்டும் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நண்பர் சொன்னார் என்று தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தொண்டைச் சதையைத் தளர்த்திவிடும். விழித்திருக்கும் நாய் தன் மூச்சைத் தானே பார்த்துக்கொள்ளும், மயங்கிய நாயால் அது முடியாது. பயணத்தில் வாந்தி எடுக்கும் நாய் என்றால் அதற்கென மருந்து இருக்கிறது. அதை மருத்துவர்தான் தர வேண்டும்.

ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். வடக்கே போகிறவர்களுக்கு தாப்பா, சுங்கை பேராக், தெற்கே போகிறவர்களுக்கு ஆயர் குரோ, பாகோ என்று இடங்கள் இருக்கின்றன. நாயை நிழலில், புல் தரையில் சில நிமிடம் நடக்க விடுங்கள். மதிய நேரத்துத் தார் தரை பாதத்தைச் சுட்டுவிடும். நம் நாட்டில் எல்லாச் சமயத்தினரும் ஓய்விடத்தைப் பயன்படுத்துகிறார்கள். சூராவுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அருகே நாயைக் கொண்டுபோகாமல், ஓரமாக வைத்துக்கொண்டு, அசுத்தத்தை நாமே அள்ளிப் போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் மனவருத்தம் வராது.

நிறுத்திய கார் அடுப்பு மாதிரி

இனி சொல்லப்போவதை மட்டுமாவது தயவுசெய்து மறக்காதீர்கள். நிறுத்திய காருக்குள் நாயை விடாதீர்கள். ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 30 நிமிடத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

“அண்ணே, இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுட்டுத்தானே போறேன், அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் நின்று போகலாம். நாயின் கால் பட்டு ஏர்கோன் அணைந்து போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் கார் திருடனுக்குக் கொண்டாட்டம், நாயோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நாசி லெமாக் பொட்டலம் வாங்க ஐந்து நிமிடம் என்று போவோம், வரிசையில் நிற்கும்போது அது இருபது நிமிடம் ஆகிவிடும்.

வழி எளிது. இரண்டு பேர் போங்கள். ஒருவர் கழிவறைக்குப் போனால் மற்றவர் நாயோடு காருக்கு வெளியே நிழலில் நிற்கட்டும். தனியாக ஓட்டிப்போகிறவர்கள் சப்பை மூக்கு நாயோடு நெடுந்தூரம் போகாமல் இருப்பதே நல்லது.

சட்டமும் சும்மா இல்லை. நம் நாட்டு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கைத் துன்புறுத்தும் குற்றத்துக்கு 20,000 வெள்ளி முதல் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விமானத்தில் போகலாமா?

வேலை மாற்றலாகிக் கூச்சிங்கிற்கோ கோத்தா கினாபாலுவுக்கோ போகிறவர்களுக்கும், வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களுக்கும் இது பெரிய கவலை.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் அந்நாட்டு விமானங்களில் கொண்டுசெல்லப்பட்ட நாய்களில் 122 இறந்திருந்தன. இனம் தெரிந்த நாய்களில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு வகை. இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11.

விலங்குகளை வைக்கும் சரக்கறையில் காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்டே இருக்கும். அப்படியிருந்தும் ஏன் இந்தச் சாவு? நாய் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும் பயணம் இல்லை. கிடங்கில் காத்திருப்பது, வெயிலில் விமானத்துக்கு அருகே கூண்டு கிடப்பது, ஏற்றிய பிறகு விமானம் கிளம்பத் தாமதமாவது என்று பல கட்டங்கள் உண்டு. போதாததற்குப் பயமும் சேர்ந்துகொள்கிறது. பயந்த நாய் இரைக்கும். இரைத்தால் என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன்.

பயணிகள் அறையில் கூடவே வைத்துக்கொண்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2018 மார்ச் மாதம் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன யுனைடெட் விமானத்தில், 10 மாதப் பிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்று இருந்த பையை, தலைக்கு மேலே உள்ள பெட்டி அறையில் வைக்கும்படி பணிப்பெண் சொன்னார். விமானம் தரையிறங்கியபோது குட்டி இறந்திருந்தது. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம், 20க்கும் மேற்பட்ட சப்பை மூக்கு இனங்களைச் சரக்கறையில் ஏற்றுவதை நிறுத்தியது. இன்று உலகில் பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களை ஏற்றுவதில்லை, அல்லது கடும் நிபந்தனை விதிக்கின்றன.

ஆகவே டிக்கெட் வாங்கும் முன்பே விமான நிறுவனத்தை அழைத்து, நாயின் இனத்தைச் சொல்லி, ஏற்றுவார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். விதி அடிக்கடி மாறும், போன வருடம் அண்டை வீட்டார் கொண்டு போனது இந்த வருடம் செல்லாது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தீபகற்பத்திலிருந்து நாயைக் கொண்டுபோக அந்தந்த மாநிலக் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். சரவாக்கில் 2017-இல் வெறிநாய்க்கடி நோய் பரவிய பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. அனுமதிக் கடிதம், தடுப்பூசி அட்டை, உடல்நலச் சான்றிதழ் இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும்.

வேறு வழியே இல்லை, விமானத்தில்தான் போக வேண்டும் என்றால், இடையில் விமானம் மாறாத நேரடிப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு அல்லது அதிகாலை விமானமாக இருக்கட்டும். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி, கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும். சப்பை மூக்கு இனத்துக்கு அதைவிட 10 விழுக்காடு பெரிய கூண்டு வேண்டும். கூண்டை முதல் நாள் வாங்கி மறுநாள் அடைக்காதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளே உணவு வைத்து, அதிலேயே படுத்துத் தூங்கப் பழக்குங்கள். கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்துக் கொடுத்தால் சிந்தாது, மெல்ல உருகும்போது நாய் நக்கிக்கொள்ளும். இங்கேயும் தூக்க மருந்து கூடவே கூடாது. மயக்கம் கொடுத்த விலங்கைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

வயதான நாய், இதய நோய் உள்ள நாய், மூச்சுத் திணறும் நாய் என்றால் அதை ஏற்றாதீர்கள். நல்ல குடும்பம் ஒன்றைத் தேடி ஒப்படைப்பது மனதுக்குக் கஷ்டம்தான். கூண்டில் உயிரில்லாத உடலை வாங்கிக்கொள்வது அதைவிடப் பெரிய கஷ்டம்.

ஆபத்து வந்துவிட்டால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்காத இரைப்பு, கரகரவென்ற சத்தம், கெட்டியான எச்சில், ஈறும் நாக்கும் செங்கல் சிவப்பாகவோ நீலமாகவோ மாறுவது, தள்ளாட்டம், வாந்தி, மயக்கம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பதற்றத்தில் நம்மவர்கள் உடனே நாயைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். மருத்துவர்கள் சொல்லும் வரிசை வேறு: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். பிரிட்டனில் 2023-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்றை மட்டுமே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன் குளிர்வித்திருந்தார்கள்.

நாயை நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரே போதும், ஆனால் மூக்கிலும் வாயிலும் ஊற்ற வேண்டாம். விசிறியோ ஏர்கோன் காற்றோ உடம்பில் படட்டும். ஈரத் துண்டை மேலே போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குடிக்க முடிந்தால் குடிக்கட்டும், மயங்கிய நாயின் வாயில் ஊற்றாதீர்கள். யாராவது ஒருவர் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடட்டும். சற்றுத் தெளிந்தாலும் கட்டாயம் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சிறுநீரகமும் மற்ற உறுப்புகளும் பாதிக்கப்பட்டது பிறகுதான் தெரியவரும்.

அதனால் காரில் 5 லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். போகும் வழியிலுள்ள ஊர்களில் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகளின் எண்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பெருநாள் நேரத்தில் பல இடங்கள் மூடியிருக்கும்.

நிறைவாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் நாய் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும்போது, முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு அழகு என்று தேர்ந்தெடுக்காதீர்கள். நாம் அப்படிக் கேட்பதால்தான் வளர்ப்பவர்கள் மூக்கை இன்னும் குட்டையாக்கிக்கொண்டே போகிறார்கள். மூக்குத் துவாரம் திறந்திருக்கிற, ஓடி விளையாடியும் சத்தமில்லாமல் மூச்சு விடுகிற குட்டியைப் பாருங்கள். ஏற்கெனவே வீட்டில் சப்பை மூக்குச் செல்லம் இருக்கிறதா? அதன் மூச்சை இன்றிரவு ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த பயணத்தில் அதைக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.